பினியனுக்கும் ரிங் கியருக்கும் நடுவில் 0.6 மில்லிமீட்டர்: ஸ்டார்ட்டர் மோட்டார் குறித்த புகார்

அனுப்புநர்:
விசைப்படகு உரிமையாளர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: அளவு பொருந்தாத ஸ்டார்ட்டர் மோட்டாரை விற்றதும், உத்தரவாதத்தை மறுத்ததும் தொடர்பாக.

ஐயா,

மீன்பிடித் தடைக்காலத்தில் உங்கள் நிறுவனத்தின் 24 வோல்ட் கியர் ரிடக்‌ஷன் ஸ்டார்ட்டர் மோட்டார் ஒன்றை ராமநாதபுரத்தில் உள்ள உங்கள் முகவரிடம் 21,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அது என் படகின் எஞ்சினுக்குப் பொருந்தாத அளவில் வந்திருக்கிறது. உங்கள் சேவைப் பிரிவோ, "ஷிம் தகடு வைக்காமல் பொருத்தியது வாடிக்கையாளரின் தவறு" என்று இரண்டே வரியில் எழுதி உத்தரவாதத்தை மறுத்துவிட்டது. ஷிம் என்பது இடைவெளியைக் கூட்ட ஸ்டார்ட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும் மெல்லிய தகடு. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதை அளவுகளோடு எழுதுகிறேன். எஞ்சின் வேலை தெரிந்த ஒருவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் எங்கள் கடற்கரையில் விசைப்படகுகள் தொழிலுக்குப் போகக் கூடாது. வருமானமே இல்லாத அந்த இரண்டு மாதங்களில்தான் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவோம், எஞ்சினைப் பிரித்துப் பார்ப்போம். வீட்டு நகையை அடகு வைத்த பணத்தில் நடக்கும் வேலை அது. பழைய ஸ்டார்ட்டரில் கார்பன் தேய்ந்துபோயிருந்தது. சரிசெய்து ஓட்டியிருக்கலாம். "லாரி எஞ்சினைப் படகில் வைத்திருந்தாலும் இது அப்படியே உட்காரும், ஒரு தகடுகூடச் சேர்க்க வேண்டாம்" என்று முகவர் உறுதி சொன்னதால்தான் புதியது வாங்கினேன். பெட்டியின் மேலும் எங்கள் ஆறு சிலிண்டர் எஞ்சினின் மாடல் அச்சாகியிருக்கிறது.

கரையில் ஓட்டிப் பார்த்த முதல் நாளே சத்தம் கேட்டது. எஞ்சின் பற்றிய பிறகு, சாவியை விடும் நேரத்தில், தகரத்தின் மேல் தகரத்தை இழுப்பது போன்ற ஓலம். இருபது ஆண்டுகளாக எங்கள் படகுகளைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் உடனே முகத்தைச் சுளித்தார். பினியன் என்பது ஸ்டார்ட்டரின் முனையில் உள்ள சிறிய பல்சக்கரம்; ரிங் கியர் என்பது எஞ்சினின் ஃபிளைவீல் என்ற கனத்த சக்கரத்தைச் சுற்றியிருக்கும் பல் வளையம். எஞ்சின் பற்றுவதற்கு முன்பு, சுற்றும்போது மட்டும் இந்தச் சத்தம் வந்தால் பினியன் ரிங் கியரிலிருந்து தள்ளி நிற்கிறது என்று பொருள். பற்றிய பிறகு வந்தால் நெருங்கி நிற்கிறது என்று பொருள் என்றார். முகவரைக் கைபேசியில் அழைத்து அந்தச் சத்தத்தையே கேட்க வைத்தோம். "புதுப் பல், ஓட ஓடப் பழகிவிடும்" என்றார். அந்தப் பேச்சை நம்பியதற்காக இன்றும் வருந்துகிறேன்.

தடைக்காலம் முடிந்து நாங்கள் போன மூன்றாவது பாடு அது. காலையில் கடலுக்குப் போவதற்கான அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு ஐந்து பேர் பாக் நீரிணைக்குள் போனோம். இரவு இரண்டு மணிக்கு மேல், எங்கிருந்தோ அறுந்து மிதந்து வந்த கயிறு புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டது. எஞ்சினை நிறுத்தாமல் அதை எடுக்க முடியாது. நிறுத்தினோம். தம்பி முறையுள்ள பையன் ஒருவன் கத்தியோடு தண்ணீரில் இறங்கி, அரை மணி நேரத்தில் கயிற்றை அறுத்தெடுத்தான். பிறகு சாவியைத் திருப்பினேன். பல் மேல் பல் முட்டும் 'டக்' என்ற ஒலி, அதன் பின் கரகரவென்று அரைக்கும் ஓசை. எஞ்சின் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. பேட்டரி நன்றாக இருந்தது. விளக்குகள் மங்கவே இல்லை. ஏழெட்டு முறை முயன்ற பிறகு எஞ்சின் அறையிலிருந்து கருகல் வாடை வந்தது.

காரோ லாரியோ என்றால் நான்கு பேர் தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். படகை யார் தள்ளுவது? கச்சான் காற்று பலமாக வீசும் மாதம். நங்கூரம் சேற்றில் பிடிக்காமல் இழுபட்டது. ஜிபிஎஸ் திரையில் எங்கள் படகுப் புள்ளி, 1974 ஒப்பந்தத்தில் வரைந்த இந்திய-இலங்கை எல்லைக் கோட்டை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆட்களுக்குச் சிறை, படகு பறிமுதல். எஞ்சின் பழுதாகித்தான் வந்தோம் என்று சொன்னால் கேட்பவர் யார்? வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். விடியும் முன் பாம்பன் படகு ஒன்று வந்து கயிறு போட்டு எங்களை இழுத்து வந்தது. அந்த மூன்று மணி நேரமும் யாரும் யாரோடும் பேசவில்லை.

கரைக்கு வந்ததும் ஸ்டார்ட்டரைக் கழற்றி அளந்தோம். ஃபிளைவீல் ஹவுசிங்கின் முகப்பிலிருந்து ரிங் கியரின் முகம் வரை ஆழம் 26 மில்லிமீட்டர். உங்கள் ஸ்டார்ட்டரில், ஓய்வு நிலையில், பொருத்தும் தட்டிலிருந்து பினியன் 25.4 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது 0.6 மில்லிமீட்டர். பழைய ஸ்டார்ட்டரில் பினியன் நீளம் 22.7, இடைவெளி 3.3. உங்கள் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், இந்த இடைவெளி 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். எஞ்சின் அதிரும்போதெல்லாம் சுழலும் ரிங் கியர் நின்றிருக்கும் பினியனை உரசியிருக்கிறது. பினியனின் முன் விளிம்பு முழுவதும் ரம்பம்போல் பிசிறு தட்டிக் கிடக்கிறது; ரிங் கியரில் பதினொரு பற்கள் முனை மழுங்கிவிட்டன. விரலை வைத்தால் கீறுகிறது. பிசிறு ஏறிய பல் எப்படிக் கோத்துக்கொள்ளும்?

பல் கோக்கும் ஆழத்தையும் விட்டுவிடவில்லை. ஹவுசிங்கின் பார்வைத் துளை வழியாக, பினியனை ரிங் கியரில் தள்ளி வைத்து, பல்லின் முனைக்கும் எதிர்ப் பல்லின் அடிக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் கம்பியை விட்டுப் பார்த்தார் அண்ணன். தடையில்லாமல் போனது. அந்த அளவு சரி. போல்ட் இறுக்கமும் சரி. தவறு முன்பின் இடைவெளியில் மட்டும் இருக்கிறது. அது உங்கள் தொழிற்சாலையில் பினியன் நீளத்தோடு முடிவான அளவு. அதைச் சரிக்கட்ட 2.5 மில்லிமீட்டர் ஷிம் தேவை. ஷிம் வைக்காதது என் தவறு என்கிறீர்கள். பெட்டியில் ஷிம் இல்லை. கையேட்டில் ஷிம் என்ற சொல்லே இல்லை. உங்கள் முகவர் தகடு வேண்டாம் என்றார். பிறகு நான் எதை வைத்திருக்க வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் ஸ்டார்ட்டரின் சொலினாய்டு (பினியனை முன்னே தள்ளி மின்சாரத்தை இணைக்கும் பாகம்) பழையதைப் போல மேல்பக்கம் இல்லாமல் பக்கவாட்டில் வருகிறது. பேட்டரி கேபிள் மாட்டும் போல்ட்டுக்கும் எஞ்சினைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான். அதிர்வில் ரப்பர் மூடி தேய்ந்து, சட்டத்தில் தீப்பொறி பட்ட கரும்புள்ளியைக் கழற்றிய அன்றுதான் கண்டோம். மரப்படகில், டீசல் டேங்குக்கு அருகில்! பந்தயக் கார்களுக்கு விற்கும் சிறிய ஸ்டார்ட்டர்களில், நெருக்கமான இடத்துக்கு ஏற்ப உடலைத் திருப்பி வைக்க முன் தட்டில் பல துளைகள் போட்டுத் தருகிறார்கள். படகுக்கும் ஏற்றது என்று அச்சடித்து விற்கும் நீங்கள் அதைச் செய்யவில்லை.

ரிங் கியரை மாற்ற கியர்பாக்ஸை இறக்கி, ஃபிளைவீலைக் கழற்றி, புது வளையத்தைச் சூடேற்றி இறக்க வேண்டியிருந்தது. பொருளும் கூலியுமாக 14,000 ரூபாய். வாரத்தில் மூன்று நாள் எங்களுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு என்பது இங்கே உள்ள ஏற்பாடு. அதில் நான்கு பாடுகளை இழந்தேன். என்னோடு வரும் நான்கு குடும்பங்களும் இழந்தன.

ஸ்டார்ட்டரின் விலை 21,500 ரூபாயையும் ரிங் கியர் செலவு 14,000 ரூபாயையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். இதே மாடலை வாங்கியிருக்கும் மற்றப் படகுக்காரர்களுக்கு உடனே எச்சரிக்கை அனுப்பி, ஷிம்மை இலவசமாகக் கொடுக்க வேண்டும். பணத்தைவிட இதையே முதலில் செய்யுங்கள். மறுத்தால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். தொழிலுக்கு வாங்கியது என்பதால் நான் நுகர்வோர் இல்லை என்று வாதிட நினைக்க வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கிய பொருளை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கவில்லை.

உங்கள் ஸ்டார்ட்டரையும் பழைய ரிங் கியரையும் எண்ணெய்கூடத் துடைக்காமல் சாக்கில் கட்டி வீட்டில் வைத்திருக்கிறேன். பில், உத்தரவாத அட்டை, வெர்னியர் அளவுகளின் படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். அளந்து பார்க்க ஆள் அனுப்புவதாக இருந்தால், படகு கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து அனுப்புங்கள். மெக்கானிக் அண்ணனையும் உடன் இருக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
விசைப்படகு உரிமையாளர்,
மண்டபம்.