பன்னிரண்டாவது வரி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பட்டியலை இரண்டு தடவை படித்தேன். ஓடும்போது கட்டும் ஜிபிஎஸ் வாட்சில் பழைய பிராண்டை விட்டுப் புது பிராண்டுக்கு மாறப் பதினொரு காரணம் எழுதியிருக்கிறாய். பளிச்சென்ற திரை, வண்ண வரைபடம், பாட்டு, டார்ச், இசிஜி, தூக்கத்துக்கு மதிப்பெண் என்று போகிறது. எல்லாம் சரிதான். ஆனால் எதற்காக வாட்சை மாற்றக் கிளம்பினாயோ, அந்தக் காரணம் அந்தப் பதினொன்றில் எங்கேயும் இல்லையே அம்மா.

அந்த மாரத்தான் நாளைத்தான் சொல்கிறேன். 31-வது கிலோமீட்டரில் உன் வாட்ச் ஹேங் ஆகி நின்றது. பட்டனை அழுத்திப் பிடித்து நீ மறுபடி எழுப்பியபோது, அதுவரை ஓடியது எதுவும் பதிவில் இல்லை. உனக்கு அதில் கோபம் வந்தது. நான் என்ன பாடுபட்டேன் என்று உன்னிடம் சொல்லவே இல்லை. முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி என் போனில், நீ எங்கே ஓடுகிறாய் என்று வாட்ச் காட்டும் உன் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். திரையைக் கீழே இழுத்து இழுத்து விட்டேன், அசையவில்லை. அப்புறம் ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். ஒன்றேகால் மணி நேரம் கழித்து நீ வளைவில் திரும்பி வந்தாய், கையைப் பார்த்துக்கொண்டே, முகம் சுருங்கி. உன்னைக் கண்டதும் என்னால் கத்திக் கூப்பிடக்கூட முடியவில்லை.

அதனால் பட்டியலில் பன்னிரண்டாவதாக ஒரு வரி சேர்த்துக்கொள். ஓட்டத்தின் நடுவில் இது காலை வாரினால் எனக்கு எவ்வளவு நஷ்டம்? மற்ற பதினொன்றையும் இந்தக் கேள்வியோடு வைத்துப் பார். பாட்டு நின்றால் பாட்டு இல்லாமல் ஓடுவாய். தூக்கத்தின் மதிப்பெண் தப்பாக வந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஓட்டம் பதிவாகாமல் போனால் நான்கு மாதப் பயிற்சியின் கணக்கே போய்விடுகிறது.

கோளாறு வராத பிராண்ட் என்று ஒன்று கிடையாது, அதையும் மனதில் வை. 2020 ஜூலையில், ஸ்போர்ட்ஸ் வாட்ச் செய்யும் கார்மின் நிறுவனத்தின் கணினிகளை ஹேக்கர்கள் முடக்கிவிட்டார்கள். பல நாட்கள் யாராலும் ஓட்டத்தை ஆப்புக்கு ஏற்ற முடியவில்லை. ஆனால் ஓட்டங்கள் வாட்சுக்குள்ளேயே பத்திரமாக இருந்தன, சர்வர் எழுந்ததும் ஏறிக்கொண்டன. 2025 ஜனவரியில் அதே நிறுவனத்தின் பல மாடல்கள் தொடக்கத் திரையில் நீல முக்கோணத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றுபோயின. ஒரு ஜிபிஎஸ் கோப்பு செய்த வேலை அது. முதல் கோளாறில் காத்திருந்தால் போதும். இரண்டாவதில் கையில் இருப்பதே வேலை செய்யாது. காத்திருக்க வைக்கும் கோளாறை நான் மன்னிப்பேன். ஓடியதை அழித்துவிடும் கோளாறை உனக்காக மன்னிக்க மாட்டேன்.

இதைக் கடையில் நின்று கண்டுபிடிக்க முடியாது. பெட்டியில் அம்சங்களை அச்சடிப்பார்கள், எத்தனை முறை ஹேங் ஆகும் என்று அச்சடிக்க மாட்டார்கள். நீயே சோதித்துப் பார்க்கலாம். வாங்கிய முதல் வாரத்திலேயே, திருப்பிக் கொடுக்க நாள் இருக்கும்போதே, இரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வாட்சை வேண்டுமென்றே பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடு. மறுபடி எழுப்பிப் பார். சில வாட்சுகள் ஓட்டத்தை அவ்வப்போது கோப்பில் எழுதிக்கொண்டே போகும், அணைந்து எழுந்தாலும் அந்த இரண்டு கிலோமீட்டர் இருக்கும். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடு, திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அப்புறம் கையை நன்றாக நனைத்துக்கொண்டு லேப் போட்டுப் பார், அதாவது ஓட்டத்தின் ஒரு பகுதி முடிந்தது என்று குறித்துப் பார். தொடுதிரைக்கு ஈரத் துளியும் விரலும் ஒன்றாகத் தெரியும். மழையிலும் வியர்வையிலும் தானாகத் தாவும், அல்லது தொட்டாலும் கேட்காது. தொடங்க, நிறுத்த, லேப் போட மூன்றுக்கும் அழுத்தும் பட்டன் இருந்தே ஆக வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன்.

மதிப்புரை படிக்கிறாயே, வந்த வாரத்தில் எழுதியதைப் படிக்காதே. அதே வாட்சை ஒன்றரை வருடம் கட்டியவர்கள் எழுதியதைத் தேடிப் படி. பட்டன் ஒட்டிக்கொள்கிறதா, அப்டேட் வந்தபின் பேட்டரி சீக்கிரம் தீர்கிறதா, புது மாடல் வந்ததும் பழையதைக் கைவிட்டார்களா என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். நான் போன வருடத்து மாடலைத்தான் வாங்குவேன். அதன் மென்பொருளில் இருந்த பிழைகளை முதலில் வாங்கியவர்கள் பட்டுத் தீர்த்திருப்பார்கள்.

உன் பட்டியலில் ஒன்றுக்கு மட்டும் நான் கூடுதல் பணம் கொடுக்கச் சொல்வேன். இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ். செயற்கைக்கோள் இருப்பது ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து வரும் சிக்னல் உயரமான கட்டடங்களில் மோதித் திரும்பி வாட்சுக்கு வரும்போது, நீ எதிர்ப்பக்க நடைபாதையில் ஓடுவதாக அது நினைத்துக்கொள்ளும். எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் வாங்கும் வாட்ச், நேராக வந்தது எது, மோதி வந்தது எது என்று ஓரளவு பிரித்துவிடும். நீ ஓடுவதே கட்டடங்களுக்கு நடுவில். ஆனாலும் மாரத்தானில் 42.195-க்குப் பதில் 42.6 காட்டினால் வாட்சைக் குறை சொல்லாதே. பாதையை அளப்பவர்கள் வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள், கூட்டத்தில் யாராலும் அந்தக் கோட்டிலேயே ஓட முடியாது.

இதயத்துடிப்புக்காக மாறுவதாக எழுதியிருக்கிறாய். மெதுவாக ஓடும்போதும் 172 காட்டுகிறது என்று போனில் சொன்னாய். உன் காலடி நிமிடத்துக்கு எத்தனை என்று அதே ஓட்டத்தில் பார்த்தேன், அதுவும் 172. வாட்சின் அடியில் இருக்கும் பச்சை விளக்கு ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் படிக்கிறது. ஸ்ட்ராப் தளர்ந்து வாட்ச் குலுங்கினால் அந்தக் குலுக்கலையே நாடி என்று எண்ணிவிடும். எந்த பிராண்டுக்கும் இது நடக்கும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே தள்ளி இறுக்கிக் கட்டு. துல்லியம் வேண்டிய நாட்களில் மார்பில் கட்டும் பட்டை போட்டுக்கொள். அது இதயத்தின் மின்துடிப்பையே வாங்குகிறது, புளூடூத் இருக்கும் ஏறக்குறைய எந்த ஸ்போர்ட்ஸ் வாட்சோடும் பேசும். இதற்காக பிராண்ட் மாற வேண்டியதில்லை.

பேட்டரிக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பெட்டியில் எழுதியிருக்கும் மணிநேரம் புது பேட்டரிக்கு, சிக்கனமான அமைப்பில். எல்லா செயற்கைக்கோளையும் திறந்து, திரையை அணையாமல் வைத்து, பாட்டும் கேட்டால் அதில் பாதிகூட வராமல் போகலாம். லித்தியம் பேட்டரி வேறு வருடா வருடம் தேயும். உன் மிக நீண்ட ஓட்டத்தைப் போல மூன்று மடங்காவது, அந்த முழு அமைப்பில் தாங்குவதாகப் பார்.

மாறுவதென்று முடிவு செய்தால் பழைய ஆப்பிலிருந்து எல்லா ஓட்டங்களையும் ஃபிட் கோப்புகளாக (ஸ்போர்ட்ஸ் வாட்சுகள் ஓட்டத்தைச் சேமிக்கும் கோப்பு வகை) முதலில் இறக்கிவை. கணக்கை மூடுவது அதற்கு அப்புறம்தான். புது வாட்ச் உன் உடம்பைப் புரிந்துகொள்ளச் சில வாரம் ஆகும். அதுவரை விஓ2 மேக்ஸை, அதாவது உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்ற மதிப்பீட்டை, குறைவாகக் காட்டலாம், ஓய்வெடு என்று தேவையில்லாமல் சொல்லலாம். கணக்குப் போடும் முறையே வேறு, பழைய எண்ணோடு ஒப்பிட்டு மனசைக் கெடுத்துக்கொள்ளாதே.

என் வாட்ச் போன வருடம் சமதரையில் 300 மீட்டர் ஏறினேன் என்று காட்டியது நினைவிருக்கிறதா? ஓரத்தில் ஊசிமுனை அளவு துளை ஒன்று இருக்கிறது, காற்றழுத்தம் பார்க்கும் சென்சாருக்கு. அதில் வியர்வை உப்பு வெள்ளையாக அடைத்திருந்தது. வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கழுவினேன், மறுநாள் 12 மீட்டர் என்று சரியாகச் சொன்னது. நீயும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு நல்ல தண்ணீரில் அலசி வை. துளையில் குச்சி விடாதே.

புதுசு வந்ததும் பழையதைக் கொடுத்துவிடாதே. ஒரு மூன்று வாரம் இரண்டு கையிலும் கட்டிக்கொண்டு ஓடு, பார்ப்பவர்கள் பார்க்கட்டும். ஒவ்வொரு நீண்ட ஓட்டம் முடிந்ததும் இரண்டு கோப்புகளையும் எனக்கு அனுப்பு. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து எது எங்கே விலகுகிறது என்று சொல்கிறேன். பில்லையும் பெட்டியையும் பத்திரப்படுத்து. போனையும் மறக்காமல் எடுத்துப் போ. உன் புள்ளி வாட்சிலிருந்து போனுக்கு, போனிலிருந்து சர்வருக்கு, அங்கிருந்து எனக்கு வர வேண்டும். எங்காவது அறுந்துவிட்டால், அடுத்த தண்ணீர் மேசையில் நின்று ஒரே ஒரு மெசேஜ் போடு. அரை நிமிடம் போனாலும் போகட்டும்.

அன்புடன்,
அப்பா