மீதியை வெள்ளித்திரையில் காண்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை உங்கள் பேப்பரில் வந்த சினிமா விமர்சனத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். படத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை, சொன்னால் இன்னும் பார்க்காதவர்களுக்கு நானும் கெடுத்த மாதிரி ஆகிவிடும். வெள்ளிக்கிழமை வெளியான படம், கொலை செய்தது யார் என்பதுதான் மொத்தக் கதையுமே, நாங்கள் ஞாயிறு மாலைக் காட்சிக்கு மூன்று டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். சனிக்கிழமை காலையில் அம்மா வழக்கம்போலத் திண்ணையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வரி விடாமல் வாசித்துக்கொண்டு வந்தார். சினிமா பக்கம் வந்ததும் "நாம போற படம்டி இது" என்று சத்தமாகவே படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது பத்தியில் கொலையாளி யார், எதற்காகச் செய்தார், எப்படி மாட்டிக்கொண்டார், எல்லாம் இருந்தது. அந்த வரியில் அம்மாவின் குரல் நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இதை எதுக்குப் போட்டாங்க?" என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

படத்துக்குப் போனோம், காசு கொடுத்தாயிற்றே. படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அந்தப் பாத்திரம் வந்து எல்லோருக்கும் டம்ளரில் டீ ஊற்றிக் கொடுக்கிறது. தியேட்டரில் ஒருவருக்கும் அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை, தெரியவும் கூடாது, அப்படித்தான் டைரக்டர் அந்தக் காட்சியை எடுத்திருக்கிறார். எங்கள் மூன்று பேருக்கு மட்டும் வேறு எதுவும் தெரியவில்லை, அந்தக் கையைத் தவிர. கடைசியில் உண்மை உடைந்தபோது தியேட்டர் முழுக்க ஒரே நேரத்தில் "ஐயோ" என்று ஒரு சத்தம், முன் வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்த தோழியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நானூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்ட அந்த நிமிஷத்தில் நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நாங்கள் இந்த மாதிரிப் படங்களுக்குப் போகிறோம். பாட்டை நூறு தடவை கேட்கலாம், சண்டையைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம், இது ஒரு தடவைதான் கிடைக்கும்.

அம்மா ஏன் இவ்வளவு வருத்தப்பட்டார் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இப்போது 71 வயது. 1964-ல் வந்த 'புதிய பறவை' அவர்கள் ஊர் டென்ட் கொட்டகைக்கு வந்தபோது பத்து பதினோரு வயது இருக்கும். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து பார்த்தாராம். ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற மூன்று நான்கு தடவை இடைவேளை விடுவார்கள், ஒவ்வொரு இடைவேளையிலும் முறுக்கும் சோடாவும் கையுமாக ஊரே கதையை அலசும். செத்துப்போன மனைவி நான்தான் என்று ஒருத்தி வந்து நிற்கிறாளே, அவள் யார், சிவாஜி சொல்வது நிஜமா, அவள் சொல்வது நிஜமா என்று பெரியவர்களே பந்தயம் கட்டுவார்களாம். என் சித்தி அப்போது அம்மை போட்டு வீட்டில் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தார். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து கப்பலில் ஆரம்பித்துப் பாட்டு உட்பட ஒவ்வொரு காட்சியாகச் சொன்னார். அந்தப் பெண் வந்து நிற்கும் இடத்தில் நிறுத்திவிட்டார். சித்தி அழுதும் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்துப் பக்கத்து ஊர்க் கொட்டகைக்கு அதே படம் வந்தபோதுதான் சித்தி மீதியைப் பார்த்தார். ஒரே பாயில் படுத்துத் தூங்கும் இரண்டு சிறுமிகள், எட்டு மாதம், ஒருத்தி வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் சித்தி அதைச் சொல்லும்போது "எங்கக்கா எனக்குக் கொடுத்ததுலயே பெரிசு அதுதான்" என்பார்.

அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்பார்கள், பாட்டு வரிகளோடு கதைச் சுருக்கமும் இருக்கும். சுருக்கம் சரியான இடத்தில் நின்று "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும். எழுதியவருக்கு முழுக்கதையும் தெரியும், ஆனாலும் எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. ஹிட்ச்காக் 1960-ல் 'சைக்கோ' எடுத்துவிட்டு, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்கு விதி போட்டார். லண்டனில் 1952-ல் தொடங்கிய அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்டிராப்' நாடகத்தில் இன்றும் முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்த்தவர்களிடம் கேட்டுக்கொள்கிறார்கள்.

விமர்சனமே எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கதையைத் தொடாமல் விமர்சனம் எழுத முடியாது என்பதும் தெரியும். ஆனால் எல்லா மர்மப் படமும் ஒரே மாதிரி இல்லை. வீணை எஸ். பாலசந்தரின் 'பொம்மை' படத்தில் பொம்மைக்குள் வெடிகுண்டு இருப்பது நமக்கு முதலிலேயே தெரியும், படத்தில் அதைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் தெரியாது. அது கை மாறிக் கை மாறிப் போகும்போது நமக்கு அடிவயிறு கலங்குகிறது. அந்தக் குண்டைப் பற்றி எழுதுங்கள், ஒன்றும் கெடாது. ஆனால் அதே பாலசந்தர் 1954-ல் எடுத்த 'அந்த நாள்' வேறு ரகம். ஏவிஎம் தயாரிப்பு, பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட 1943-ல் நடக்கிற கதை. ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார். அப்புறம் ஒவ்வொருவராகத் தங்களுக்குத் தெரிந்த சிவாஜியைச் சொல்கிறார்கள், மனைவி சொல்வது ஒரு மாதிரி, தம்பி சொல்வது ஒரு மாதிரி. இதுவரை எழுதலாம். இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் அந்தப் படத்தைப் பார்க்காத ஒரு பிள்ளையிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்கிறோம். எழுபது வருஷம் ஆகிவிட்டதே, இனி என்ன ரகசியம் என்று கேட்காதீர்கள். போன வருஷம் என் மகன் அதை முதல் தடவையாகப் பார்த்தான், கடைசிக் காட்சியில் எழுந்து நின்றுவிட்டான். அவனுக்கு அது புதுப்படம்.

நல்ல படமென்றால் முடிவு தெரிந்தாலும் ரசிக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான், ஆனால் அது இரண்டாவது தடவைக்கு உண்டான ருசி. முதல் தடவை 'புதிய பறவை'யில் வரும் 'எங்கே நிம்மதி' பாட்டை ஒரு மனிதனின் துக்கமாகக் கேட்கிறோம், முடிவு தெரிந்தபின் கேட்டால் அதே வரிகள், அதே குரல், ஆனால் வேறு பாட்டு. நம்மை ஏமாற்றவே இல்லை, கண் முன்னாலேயே வைத்திருந்தார்கள், நாம்தான் கவனிக்கவில்லை என்று தெரியவரும்போது எழுதியவர் மேல் வருகிற மரியாதை இருக்கிறதே, அது முதலில் ஏமாந்தவர்களுக்குத்தான் கிடைக்கும். (கடைசி ரீலில் திடீரென்று இரட்டைப் பிறவி ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிற படங்களை நான் இதில் சேர்க்கவில்லை, அவை திருப்பமே கிடையாது.) முதல் தடவையைப் பறித்துக்கொண்டால் இரண்டாவது தடவையும் சேர்ந்தே போய்விடுகிறது.

அதனால் என் வேண்டுகோள் இவ்வளவுதான். மர்மப் படத்துக்கு விமர்சனம் எழுதுகிறவர் இடைவேளைக்கு மேல் கதையைக் கொண்டுபோக வேண்டாம். நடிப்பு, ஒளிப்பதிவு, திருப்பம் நம்பும்படி இருக்கிறதா இல்லையா, எல்லாவற்றையும் தாராளமாக எழுதட்டும், திருப்பம் என்ன என்பதை மட்டும் விடட்டும். முடிவைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும் என்றால் ஒரு மாதம் கழித்துத் தனிக் கட்டுரையாகப் போடுங்கள், மேலேயே ஒரு வரி எச்சரிக்கையும் போடுங்கள், நானே முதலில் படிப்பேன். தலைப்பிலும் படத்துக்குக் கீழே போடும் வரியிலும் கூடக் கவனம் வேண்டும், அதற்குத்தான் கண் முதலில் போகிறது. செல்போனில் எவனோ முடிவைப் போட்டால் நான் பார்க்காமல் தள்ளிவிடலாம். பேப்பர் அப்படி இல்லை, நம்பி வாசலில் இருந்து எடுத்து அம்மா கையில் கொடுக்கிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை இன்னொரு கொலைப் படம் வருகிறது. சித்தியும் ஊரிலிருந்து வருகிறார், ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை பேப்பரை அம்மாவிடம் கொடுக்கலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
இருபது வருட வாசகி,
கும்பகோணம்.