ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஹாலுக்கு வயது ஒன்றல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் இங்கிலாந்தின் பழைய வீடுகளைப் பற்றி வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். நாரிச் நகரத்து (எழுதுவது நார்விச், அந்த ஊர்க்காரர்கள் சொல்வது நாரிச்) ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஹால் படத்துக்குக் கீழே ‘அகதி நெசவாளர்கள் 1320இல் கட்டிய வீடு’ என்று போட்டிருக்கிறீர்கள். ஆண்டும் சரி, நெசவாளர்களும் நிஜம். ஆனால் இரண்டுக்கும் நடுவே சுமார் 245 வருடம் இருக்கிறது. மகள் அந்தப் பக்கத்தில் இருப்பதால் அந்த வீட்டை இரண்டு முறை சுற்றிப் பார்த்திருக்கிறேன். முப்பது வருடம் கட்டட வரைபடம் போட்டே பிழைத்தவன் என்பதால் பேசாமல் இருக்க முடியவில்லை.

1320 வாக்கில் கட்டியது கீழே இருக்கும் நிலவறையை மட்டும்தான். கட்டியவர் ரால்ஃப் டி மிடில்டன் என்ற வணிகர். நிலவறை என்றதும் புதையலை நினைத்துவிட வேண்டாம், அது வெறும் சரக்கு அறை. வளைவுக் கூரை போட்ட அந்த மாதிரி அறைகள் நாரிச்சில் ஏராளம். மேலே மரத்தாலான வீடு எரிந்தாலும் கீழே சரக்கு தப்பிக்கும். 1507இல் அந்த ஊரில் பெருந்தீ பிடித்து 700க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன என்பதைச் சேர்த்துப் பார்த்தால், வியாபாரிகள் ஏன் கீழே அவ்வளவு செலவு செய்தார்கள் என்பது புரியும்.

இப்போது நாம் பார்க்கும் பெரிய கூடம் அடுத்த நூற்றாண்டில் எழுந்தது. 1539இல் நகர மேயராக இருந்த நிக்கோலஸ் சதர்டன் அதற்கு முகப்பு வாசலும் படிகளும் வைத்தார். முற்றத்திலிருந்து படியேறித்தான் கூடத்துக்குள் போக வேண்டும், ஏனென்றால் நிலவறை அடியில் இருக்கிறது. உள்ளே போனதும் கழுத்தை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். குறுக்கு உத்தரத்தின் நடுவில் ஒற்றைக் கட்டை நிற்கும். அதன் தலையில் வீட்டின் நீளத்துக்கு ஓடும் ஒரு விட்டம் உட்கார்ந்திருக்கும். கூரை ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்து வைப்பது அந்த அமைப்புதான். அதை ஒரு காகிதத்தில் வரைந்துகொண்டு வந்தேன், இன்னும் என் மேசையில் கிடக்கிறது.

மாடிப்படியும் அதற்கு வெளிச்சம் தரும் பெரிய ஜன்னலும் 1627இல் வந்தவை. அப்புறம் பதினெட்டாம் நூற்றாண்டுச் சாப்பாட்டு அறை. ஒவ்வொருவரும் பழையதை இடிக்காமல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போனதால், இரண்டு அறைகள் ஒரே மட்டத்தில் இருப்பது அபூர்வம். இரண்டு படி ஏறி, மூன்று படி இறங்கி, மறுபடி ஏறி... என் முழங்காலுக்கு அது நன்றாகத் தெரியும். கட்டுரையாளர் இதை ‘திட்டமில்லாத கட்டுமானம்’ என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டார். எனக்கு அது சம்மதமில்லை. வீட்டின் வரலாற்றைப் படிக்க வேறு ஏடு வேண்டாம், அந்தப் படிகளை எண்ணினாலே போதும்.

சரி, நெசவாளர்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாரிச்சின் துணித் தொழில் படுத்துக் கிடந்தபோது, 1565இல் எலிசபெத் அரசியின் அனுமதியோடு ஃபிளெமிஷ், வலூன் (இரண்டுமே இன்றைய பெல்ஜியப் பக்கத்து மக்கள்) நெசவாளர் குடும்பங்கள் 30ஐ நகரமே கூப்பிட்டுக் குடியமர்த்தியது. அப்போது மேயர் தாமஸ் சதர்டன், மேலே சொன்ன நிக்கோலஸின் மகன். பதினைந்து வருடத்துக்குள் நகர மக்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் இப்படி வந்தவர் என்ற நிலை. ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ்’, அதாவது அந்நியர்கள், என்று ஊர் அவர்களைத்தான் சொன்னது. சிலர் இந்த வீட்டில் தங்கியிருக்கலாம். ஆனால் கட்டியவர்கள் அவர்கள் அல்ல. வீட்டுக்கு அந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

கட்டுரை விட்டுவிட்ட ஒரு பெயர் உண்டு: லெனர்ட் போலிங்புரோக். ஆள் இல்லாமல் பாழடைந்து, இடிக்கப்படும் நிலையில் கிடந்த வீட்டை 1899இல் சொந்தப் பணத்தில் வாங்கியவர் இந்த வழக்கறிஞர். தான் சேர்த்து வைத்திருந்த பழைய சாமான்களை அறை அறையாக வைத்து 1900இல் மக்களுக்குத் திறந்துவிட்டார். 1922இல் வீட்டை நகரத்துக்கே கொடுத்துவிட்டார். அவர் இல்லையென்றால் உங்களுக்குப் படம் எடுக்க அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

படக்குறிப்பை அடுத்த இதழில் திருத்திவிடுங்கள். நேரில் போக நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த இரண்டு முறைக்கும் முன்னால் ஒரு தடவை போய், பூட்டிய கதவைத்தான் பார்த்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர்,
திருச்சி.