நிழல் காணாமல் போகும் நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏப்ரல் 24 அன்று நண்பகல் 12.07 மணிக்கு எங்கள் மொட்டைமாடியில் ஒரு பவுடர் டப்பாவை நிமிர்த்தி வைத்துக் காத்திருந்தேன். தரை கொதித்தது. டப்பாவின் நிழல் சுருங்கிச் சுருங்கி, அதன் அடியிலேயே மறைந்துவிட்டது. என் ஏழு வயதுப் பேத்தி டப்பாவைத் தூக்கி அடியில் தேடிப் பார்த்தாள். "எங்க தாத்தா போச்சு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பூமி 23.5 பாகை சாய்ந்து சுற்றுவதால், கடக, மகர ரேகைகளுக்கு இடைப்பட்ட ஊர்களுக்கெல்லாம் ஆண்டுக்கு இருமுறை இந்த நிழலில்லா நாள் உண்டு. டெல்லிக்கு ஒருநாளும் கிடையாது. எகிப்தில் ஒரு கிணற்றடி வரை வெயில் நேராக விழுந்த செய்தியை வைத்துத்தான் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் 2,200 ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். காரணம் தெரிந்த பிறகும் எனக்கு வியப்பு குறையவில்லை, கூடித்தான் போயிற்று.

ஆனால் அந்த நேரத்தில் எங்கள் தெருவில் வேறு யாரும் வெளியே வரவில்லை. செய்தி தெரிந்தால்தானே வருவார்கள்? ராகுகாலம், எமகண்டம் அச்சிடும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே, ஒவ்வொரு ஊரின் நிழலில்லா நாளையும் நேரத்தையும் முந்தின நாளே தாங்கள் வெளியிட வேண்டும். மதுரைக்கும் கோவைக்கும் கன்னியாகுமரிக்கும் தேதி வேறு வேறு. மேகம் விட்டுவைத்தால் ஆகஸ்டில் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரையும் மாடிக்குக் கூப்பிடப் போகிறேன்.

– ஒரு வாசகர், சென்னை