மேம்பாலத்தில் ஏழு நிமிடம்

பீபிகுளம்,
மதுரை.

அன்புள்ள ராமலிங்கம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையில் 2023 ஆகஸ்டு 1 முதல் இருசக்கர வாகனங்களையும் ஆட்டோக்களையும் டிராக்டர்களையும் தடை செய்ததைக் குறிப்பிட்டு, நம்மூர் நத்தம் சாலை மேம்பாலத்திலும் அவ்வாறே செய்தால் என்ன என்று கேட்டிருந்தாய். அன்றே பதில் எழுதியிருந்தால், செய்யலாம் என்றுதான் எழுதியிருப்பேன். இடையில் எனக்கு நேர்ந்த ஒரு சிறு சங்கடம் அந்தப் பதிலை மாற்றிவிட்டது.

என் மகள் கவிதா, மேம்பாலத்தின் மறுமுனையான செட்டிகுளத்தைத் தாண்டி ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருப்பது உனக்குத் தெரியும். சென்ற மாதம் அங்கே நடந்த விழாவுக்கு நானும் போய்விட்டு, இருட்டிய பிறகு அவளுடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து மேம்பாலம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். லேசான தூறல். பாதித் தூரத்தில் பின்சக்கரம் பஞ்சர். கீழே சாலையில் என்றால் பத்துக் கடை தள்ளி ஒரு பஞ்சர் கடை இருக்கும். இல்லாவிட்டாலும் ஏதாவது ஒரு திண்ணையில் ஒதுங்கிக்கொள்ளலாம். மேலே நாங்கள் நின்ற இடத்திலோ ஒருபக்கம் கைப்பிடிச்சுவர், மறுபக்கம் சீறிக்கொண்டு போகும் கார்கள். ஒதுங்குவதற்கு ஓரம் என்று சொல்லத்தக்க எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. நான் வண்டியைத் தள்ள, கவிதா கைபேசி விளக்கைப் பின்பக்கம் காட்டியபடி நடந்து வந்தாள். சற்று நேரத்தில் ஒரு குட்டியானை சரக்கு வண்டியின் ஓட்டுநர் எங்களுக்குப் பின்னால் வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்க இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு, இறக்கம் வரும்வரை எங்கள் நடைக்கு ஈடாக ஊர்ந்து வந்தார். கீழே இறங்கியதும் கையெடுத்துக் கும்பிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான், அந்த மனிதர் எங்களுக்குச் சுவராக வந்தாரே, அவருக்குப் பின்னால் யார் சுவர் என்ற எண்ணம் வந்து தூக்கம் கெட்டது.

பாலிடெக்னிக்கில் நாம் உருப்போட்ட நிறுத்தப் பார்வைத் தூர அட்டவணை, அதாவது எந்த வேகத்தில் போனால் எவ்வளவு தூரத்துக்கு முன்பே தடை கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்த முடியும் என்ற கணக்கு, உனக்கு நினைவிருக்கிறதா? மணிக்கு 60 கிலோமீட்டருக்கு 80 மீட்டர், 80-க்கு 120, நூறுக்கு 180. ஆபத்தைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கில் கால் வைப்பதற்கே இரண்டரை விநாடி என்று அதில் கணக்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இரண்டரை விநாடிக்குள் வண்டி சுமார் 55 மீட்டர் ஓடிவிடும். அந்த இரவில், தூறலில், என் மகளின் கைபேசி வெளிச்சம் ஐம்பது மீட்டருக்காவது தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆகவே உன் கேள்விக்கு வருகிறேன். உன் வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் 64,105 என்ற கணக்கோடு நம் தமிழ்நாட்டுக்குத்தான். வேகமாகப் போகும் கனத்த வண்டியும் மெதுவாகப் போகும் எளிய வண்டியும் ஒரே தளத்தில் ஓடினால் அடிபடுவது எளியதுதான் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் மைசூரு சாலை ஊரையும் ஊரையும் இணைப்பது. நத்தம் மேம்பாலம், 2023 ஏப்ரலில் திறந்த நாளிலிருந்து, இந்த ஊருக்குள்ளேயே வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களின் பாதையாகிவிட்டது. கணவன் மனைவி, நடுவில் ஒரு பிள்ளை, முன்னால் டிபன் கூடை என்று ஒரு குடும்பமே பயணம் செய்யும் வாகனம் மதுரையில் எதுவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களைக் கீழே அனுப்பிவிட்டு 7.3 கிலோமீட்டர் பாலத்தைக் கார்களுக்கு மட்டும் ஒதுக்கினால், எளியவன் வழிவிட வேண்டும், வலியவன் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடும். இந்த நியாயம் எனக்குப் பிடிக்கவில்லை.

என் யோசனை வேறு. பாலத்தின் வேக வரம்பு அறுபது என்று வைத்துக்கொள். 7.3 கிலோமீட்டரை அந்த வேகத்தில் கடக்க 7 நிமிடம் 18 விநாடி ஆகும். ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் ஒவ்வொரு கேமரா வைத்து எண்பலகையையும் நேரத்தையும் குறித்தாலே போதும். ஏழு நிமிடத்துக்குள் வந்து சேருகிறவன் வேகத்தை மீறியவன், அவனிடம் வாதாடவே வேண்டியதில்லை. ஓரிடத்தில் மட்டும் கேமரா இருந்தால் அதைக் கண்டதும் பிரேக் போட்டுவிட்டு, தாண்டியதும் மறுபடி மிதிப்பவர்களை நீயும் பார்த்திருப்பாய். இந்த ஏற்பாட்டில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. எண்பதில் பறப்பவனுக்கு மிச்சமாவது எவ்வளவு தெரியுமா? இரண்டு நிமிடம்கூட இல்லை. அந்த நேரத்தை ஊருக்குள் ஒரு சிக்னலில் நின்றே தொலைத்துவிடுவான்.

இரண்டாவது காரியம், நின்றுபோன வண்டி. பாலத்தின் மேல் எது நின்றாலும் சில நிமிடங்களுக்குள் அதை அப்புறப்படுத்த ஒரு மீட்பு வாகனம் அடிவாரத்திலேயே காத்திருக்க வேண்டும். மும்பை–புனே விரைவுச்சாலையில் 2016-இல் 151 பேர் இறந்தார்கள். பின்னர் அங்கே உயிரிழப்பைக் குறைக்க எடுத்த முயற்சிகளில், ஓரத்தில் நிற்கும் வண்டிகளைக் கண்காணிப்பதும், மோதினால் நொறுக்கிவிடும் தூண்களுக்கும் பாலக் கட்டைகளுக்கும் முன்னால் தடுப்பு அமைப்பதும் முக்கியமானவை. பெரிய கண்டுபிடிப்பு எதுவுமில்லை, பாலங்களைச் சுற்றி நடந்து பார்க்கும் ஒரு மேஸ்திரியே சொல்லக்கூடியவை.

பாலத்தை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருப்பதும் சரியல்ல. உத்தங்குடியிலிருந்து கப்பலூர் போகும் ரிங் ரோட்டில் இரவில் போனால், டீக்கடை ஓரங்களில் பின்விளக்கு இல்லாமல், ஒளிரும் பட்டை மண்ணேறி மங்கிப்போய் நிற்கும் லாரிகளைப் பார்க்கலாம். பாண்டி கோயிலுக்கு நேர்த்திக்கடன் கிடாவோடு இருபது பேர் சரக்கு வண்டியில் உட்கார்ந்து அதே சாலையில்தான் வருகிறார்கள். கிடாவுக்குப் போட்ட மாலையில் இருக்கும் சிரத்தையில் கால்பங்கு வண்டியின் பின்விளக்குக்குக் கிடைத்தால் நன்றாக இருக்கும். இதைக் கவிதாவிடம் சொன்னபோது, நீங்கள் பள்ளிக்கு வந்தபோது ஹெல்மெட் போட்டிருந்தீர்களா என்று திருப்பிக் கேட்டுவிட்டாள். பின்னால் உட்காருபவருக்கும் சட்டத்தில் ஹெல்மெட் கட்டாயம். என்னுடையது அன்று வீட்டில் ஆணியில் தொங்கியது. இப்போது தொங்குவதில்லை.

தைமாதம் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருக்கிறாய். திண்டுக்கல்லிலிருந்து வாடிப்பட்டிப் பாதையில் வராமல் நத்தம் வழியாக வாருங்கள். பழனிக்கு நடந்து போகும் பக்தர்கள் நத்தம் சாலையின் ஓரமாக விடிவதற்கு முன்பே கூட்டம் கூட்டமாகப் போவார்கள். கார் ஓட்டும் உன் மகனிடம் முன்கூட்டியே சொல்லிவை. செட்டிகுளத்தில் பாலம் ஏறும்போது நீ எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. நான் பாலம் இறங்கும் இடத்தில் கைக்கடிகாரத்தோடு நிற்பேன். ஏழு நிமிடத்துக்கு முன்னால் உங்கள் கார் கண்ணில் பட்டால் உனக்கும் தங்கைக்கும் காபி உண்டு, ஓட்டி வந்தவனுக்குக் கிடையாது.

உன் பழைய நண்பன்,
சுந்தரம்