நாடு மாறினாலும் மணிக்கட்டு மாறாது

ஆசிரியருக்கு,

நாடு மாறிய பாட்மின்டன் வீரர்கள் பற்றிய கட்டுரையில் (விளையாட்டுப் பக்கம்) மியா அவுடினாவை 'தாய்நாட்டைக் கைவிட்டவர்' என்று ஒரே வரியில் முடித்திருந்தது உறுத்தியது. பெண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான ஊபர் கோப்பையின் 1994 இறுதியில் முடிவைத் தீர்மானித்த கடைசி ஆட்டத்தில் சீனாவின் ஜாங் நிங்கை வென்று இந்தோனேசியாவுக்குக் கோப்பை வாங்கித் தந்தபோது அவருக்கு வயது 14. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெள்ளி. அப்புறம் திருமணமாகி கணவரோடு நெதர்லாந்தில் குடியேறினார். கல்யாணமாகி ஊர் மாறுவதைத் துரோகம் என்று நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லையே!

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியை நான் டிவியில் பார்த்தேன். எதிரே அதே ஜாங் நிங். முதல் செட்டை 11-8 என மியா எடுத்தார். அடுத்த இரண்டும் கைநழுவின. வெள்ளி நெதர்லாந்துக்குப் போனது, சரி. ஆனால் வலையோரம் பந்தை நைசாகத் தட்டிவிடும் அந்த மணிக்கட்டு ஜகார்த்தாவில் பழகியது. இனி இத்தகைய வீரர்களின் பதக்கப் பட்டியலை வெளியிடும்போது, ஆடிய நாட்டோடு ஆட்டம் கற்ற ஊரையும் சேர்த்துப் போடுங்கள்.

- வாசகர், திண்டுக்கல்