காலநிலைத் தீர்ப்புகளும் கைநழுவும் ஆண்டுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலநிலை வழக்குகள் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, அரசுகள் தீர்ப்புகளுக்குக் கட்டுப்படுகின்றனவா, மீறுகின்றனவா என்ற கேள்வியோடு நின்றுவிட்டது. இரண்டையும் செய்யாமல் காலம் கடத்துவதே அரசுகளுக்குக் கைவந்த வழி என்பதற்கு நெதர்லாந்தில் உர்கெண்டா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு அரசின்மீது தொடுத்த வழக்கு நல்ல சான்று.

புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களின் வெளியேற்றத்தை 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2020 முடிவதற்குள் குறைந்தது 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று 2015 ஜூனில் ஹேக் மாவட்ட நீதிமன்றம் ஆணையிட்டது. தீர்ப்பை நிறைவேற்றுவதாகச் சொல்லிக்கொண்டே மேல்முறையீட்டுக்குப் போன அரசு, 2018 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும், 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. அப்போது கெடு முடிய ஓராண்டுதான் மிச்சம். வழக்கு நடந்த அந்த ஆண்டுகளில்தான் ரோட்டர்டாம் துறைமுகத்திலும் ஏம்ஸ்ஹாவெனிலும் புதிய அனல்மின் நிலையங்கள் நிலக்கரியை எரிக்கத் தொடங்கின. ஆம்ஸ்டர்டாமின் பழைய ஹெம்வெக் நிலையம் 2019 இறுதியில் மூடப்பட்டது. 2020இல் இலக்கு எட்டப்பட்டது உண்மையே. ஆனால் கொரோனா முடக்கமும் குளிர் குறைந்த பருவமும் கைகொடுத்திராவிட்டால் அது நடந்திருக்குமா என்பது ஐயமே. மறு ஆண்டே வெளியேற்றம் மீண்டும் ஏறியது. நிலக்கரி நிலையங்களுக்கு 2022 ஜனவரியில் விதிக்கப்பட்ட 35 விழுக்காட்டு உற்பத்தி வரம்பும், உக்ரைன் போரால் எரிவாயுத் தட்டுப்பாடு வந்ததும், அதே ஆண்டு ஜூனில் விலக்கப்பட்டது.

ஜெர்மனி மாறாக விரைந்தது. நாட்டின் காலநிலைச் சட்டம் போதாது என்ற அரசியல் சாசன நீதிமன்றத்தின் தீர்ப்பு 2021 ஏப்ரல் இறுதியில் வெளியானது. 2030க்கான வெளியேற்றக் குறைப்பு இலக்கை 55இலிருந்து 65 விழுக்காடாக உயர்த்தும் திருத்தம் ஜூனிலேயே நிறைவேறியது. செப்டம்பரில் பொதுத்தேர்தல் இருந்ததையும் மறந்துவிடக் கூடாது. சுவிட்சர்லாந்திலோ, அரசின் காலநிலை நடவடிக்கை போதாது என்று வழக்காடிய முதிய பெண்கள் சங்கத்துக்குச் சாதகமாக 2024 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்கு, நாட்டின் இப்போதைய முயற்சிகளே போதும் என்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் இரண்டே மாதங்களில் பதில் சொல்லிவிட்டன. வெளிப்படையான இந்த மறுப்பைக் கண்டிக்கவாவது முடிகிறது. வாய்தா வாங்கும் அரசைப் பிடிப்பதுதான் கடினம்.

எந்த வழியில் குறைப்பது என்பதை அரசின் விருப்பத்துக்கு விட்டதில் ஹேக் நீதிபதிகள் தவறவில்லை. அதிகாரப் பிரிவினை அதைத்தான் கேட்கிறது. ஆனால் இடைக்கால இலக்குகளையும், ஆண்டுதோறும் நீதிமன்றத்தில் அறிக்கை தாக்கல் செய்யும் கடமையையும் சேர்த்திருக்கலாம். நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதிக் காடுகளுக்காக 1995இல் தொடுக்கப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கை நம் உச்ச நீதிமன்றம் முடித்துவிடாமல், பல ஆண்டுகளாகத் தொடர்ந்து ஆணைகள் பிறப்பித்து வந்தது. நிர்வாகத்தின் வேலையை நீதிமன்றமே சுமக்கிறது என்ற குறை அம்முறைக்கு உண்டு என்றாலும், தீர்ப்புக்குப் பின் அரசு என்ன செய்தது என்று கேட்க அங்கே ஒரு மன்றம் இருந்தது. காலநிலை வழக்குகளுக்கு இம்முறை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைக் கட்டுரையாளர் அடுத்து எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை.